மாடரேட்டர் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை: பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கினால், தொட்டி வாங்கி ஒரு வாரம் ஆனவர் உடனே மருந்து வாங்கி ஊற்றுவார். நாலைந்து மீனைச் சாகக் கொடுத்தவர் முதலில் தண்ணீரைச் சோதிப்பார். பெரும்பாலும் அம்மோனியா ஏறியிருக்கும், இல்லையென்றால் காற்று போதாமல் இருக்கும், மருந்துக்கு அங்கே வேலையே இருக்காது. மீன் வளர்ப்பவர்களுக்கான ஒரு இணையக் குழுவைப் பல வருடமாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கிறேன், அங்கேயும் இதே கதைதான். சண்டை வந்தால், விளம்பரம் குவிந்தால், புதியவர் கேள்வி பதிலில்லாமல் கிடந்தால், எல்லோரும் கொடுக்கிற மருந்து ஒன்றே: "இன்னும் நாலு மாடரேட்டர் போடுங்க." நானும் போட்டேன். ஒருவர் ஒரு மாதத்தில் காணாமல் போனார், ஒருவர் பழைய பகையைத் தீர்த்துக்கொண்டார், ஒருவர் கடைசிவரை ஒரு பொத்தானையும் அழுத்தவில்லை, மிச்சமிருந்தவர் தலையில் எல்லா வேலையும் விழுந்தது.

(குழுவில் விதிகளைக் காத்து ஒழுங்கு பார்ப்பவருக்கு மட்டுறுத்துநர் என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனால் கோபத்தில் யாரும் "எங்கய்யா மட்டுறுத்துநர்?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை, அதனால் மாடரேட்டர் என்றே எழுதுகிறேன்.)

தையல், பழைய கேமரா, செஸ், பறவை பார்த்தல், எந்தப் பொழுதுபோக்குக் குழுவாக இருந்தாலும் கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பழகியதாக இருக்கும். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் அறிகுறியைத் தேடிப் போங்கள். ஆனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

இரண்டு வாரம் எண்ணுங்கள். ஒரு தாள் போதும். ஒவ்வொரு முறை யாராவது தலையிட வேண்டி வந்தபோதும் நாலு விஷயம்: என்ன பிரச்சினை, எத்தனை மணிக்கு வந்தது, யார் கவனித்தார், எவ்வளவு நேரம் கழித்து. செயலியே பதிவு வைத்திருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், டெலிகிராமில் அட்மின் செய்த வேலைகளின் பட்டியல் 48 மணி நேரத்துக்குத்தான் தெரியும், டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் 45 நாள். அதற்குமேல் வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

நான் முதல் முறை எண்ணியபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. வேலையில் பெரும்பகுதி சண்டையே கிடையாது. ஒன்று, எங்கிருந்தோ வந்து சேர்ந்த விளம்பரக் கணக்குகள். இரண்டு, விற்பனைப் பதிவை இடம் மாற்றிப் போட்டவர்கள். மூன்று, "தண்ணீர் கலங்கலா இருக்கு, என்ன பண்ண" என்று மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் அதே கேள்வி, அதற்குக் கீழே "தேடிப் பாருய்யா" என்று எரிந்து விழும் பழைய உறுப்பினர்கள். முதலாவதைத் தடுக்க ஆளே வேண்டாம், சேரும்போது ஒரு கேள்வி கேட்டு ஒப்புதல் கொடுக்கிற ஏற்பாடும், புதுக் கணக்கு முதல் நாளில் இணைப்பு போட முடியாது என்ற கட்டுப்பாடும் போதும். மூன்றாவதுக்குத் தேவை மேலே ஒட்டிவைத்த ஒரு நல்ல விளக்கம். மீதி இருந்ததற்குத்தான் மனிதர் வேண்டும், அதற்கு நாலு பேர் தேவைப்படவில்லை, இரண்டு பேர் சரியான நேரத்தில் இருந்தால் போதுமாக இருந்தது.

எண்ணி முடித்ததும் புகார் குவியும் நேரத்தைப் பாருங்கள். எங்கள் குழுவில் எல்லா மாடரேட்டர்களும் பகலில் வேலை இடைவெளியில் எட்டிப் பார்ப்பவர்கள், சண்டை எல்லாம் இரவு பத்துக்கு மேல். ஆள் பற்றாக்குறை மாதிரித் தெரிந்தது உண்மையில் நேரப் பற்றாக்குறை.

"யாராவது மாடரேட்டரா வர்றீங்களா?" என்று கேட்டால் மயான அமைதி

இதுதான் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொது அறிவிப்புக்குப் பதில் வராததற்குக் காரணம் மக்களுக்கு அக்கறை இல்லாதது என்று நினைக்காதீர்கள். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். அதோடு, "மாடரேட்டர்" என்றதும் அவர் மனதில் என்ன ஓடும்? எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இதுவரை நட்பாக இருந்தவர்களிடம் கெட்ட பெயர் வாங்க வேண்டும், எப்போது முடியும் என்றே தெரியாது. கல்யாணம் மாதிரி ஆயுள் ஒப்பந்தத்தை ஒரு குறுஞ்செய்தியில் கேட்டால் யார் தலையாட்டுவார்?

ஆகவே தனித்தனியாகக் கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள், முடிவுத் தேதியோடு கேளுங்கள். நான் அனுப்பி, வேலை செய்த ஒரு செய்தி கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"வணக்கம். பில்டரைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு மீனை இழந்தவருக்குப் போன வாரம் நீங்கள் எழுதிய பதிலைப் பார்த்தேன். மூன்று பேர் திட்டிய இடத்தில் நீங்கள் ஒருவர்தான் குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். விற்பனைப் பதிவுகளை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. நாளுக்குப் பத்து நிமிடம், மூன்று மாதம். யாரையும் நீக்க வேண்டாம், விதிக்கு ஒத்துவராததை எங்களுக்குக் காட்டினால் போதும். வசதிப்படாது என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை."

இதில் அவரைப் புகழ்ந்ததைவிட முக்கியம், எதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறேன் என்று சொன்னது. அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்குத்தான் பெயர் வைத்தேன், புதிதாக எதையும் சுமத்தவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் நானே போய்க் கேட்டேன், தொடர்கிறீர்களா, நிறுத்திக்கொள்கிறீர்களா என்று. அந்தக் கேள்வி வரும் என்று முன்பே தெரிந்தால்தான் ஆள் சரி என்பார்.

யாரைக் கேட்பது? அதிகம் எழுதுபவர்களைத் தேடிப் போகாதீர்கள். அவர்களுக்குப் பேசப் பிடிக்கும், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். புகார் பெட்டியைத் திறந்து, ஆறு மாதத்தில் யார் அனுப்பிய புகார்கள் சரியாக இருந்தன என்று பாருங்கள். சண்டையில் கலந்துகொள்ளாமல், சத்தம் போடாமல், "இதைப் பாருங்கள்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு நகர்ந்தவர்கள் அங்கே இருப்பார்கள், பெரும்பாலும் உங்களுக்குப் பெயர்கூடப் பழகியிருக்காது. அடுத்தது, புதியவரின் அசட்டுக் கேள்விக்குப் பத்தாவது முறையும் எரிச்சல் இல்லாமல் பதில் எழுதுபவர்கள். தன் தவறை ஒப்புக்கொண்டு "நான் சொன்னது தப்பு" என்று எழுதியவர் யாராவது இருந்தால் ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதிகாரத்தைச் சில்லறையாக மாற்றிக் கொடுப்பது பழைய யோசனைதான். ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் 1990-களின் கடைசியிலேயே, சாதாரண வாசகர்களில் சிலருக்கு ஐந்து புள்ளி கொடுத்து, பின்னூட்டங்களை ஏற்றவோ இறக்கவோ அனுமதித்தது. மூன்று நாளில் புள்ளி காலாவதி, அப்புறம் அவர் மறுபடி சாதாரண வாசகர். இணைய மன்றங்களை நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருள் இன்றைக்கு 0 முதல் 4 வரை நம்பிக்கைப் படிகள் வைத்திருக்கிறது, படித்துப் பங்கெடுத்து வருபவருக்குத் தலைப்பைத் திருத்துவது, இடம் மாற்றுவது போன்ற உரிமைகள் மெல்ல மெல்லத் திறக்கின்றன. உங்கள் செயலியில் இந்த வசதி இல்லாவிட்டால் கையாலேயே செய்யலாம்: வரவேற்பாளர், விற்பனைப் பதிவுப் பொறுப்பாளர், கேள்வித் தொகுப்பாளர் என்று மூன்று பெயர். மாடரேட்டர் பதவிக்கு மூச்சுவிடாதவர்கள் இந்தப் பெயர்களுக்கு வருவார்கள்.

விண்ணப்பம் குவிகிறது, ஆனால் எல்லாம் தப்பான ஆட்கள்

பதவி கேட்டு முந்திக்கொண்டு வருபவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் "இந்தக் குழுவைச் சுத்தம் பண்ணணும்" என்று ஆரம்பிக்கிற விண்ணப்பத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உதறும். "ஏன் மாடரேட்டர் ஆக விரும்புகிறீர்கள்" என்று கேட்காதீர்கள், சேவை மனப்பான்மை என்று ஒரே பதில்தான் வரும். பழைய உண்மைச் சம்பவம் மூன்றை, பெயர்களை எடுத்துவிட்டுக் கொடுத்து, "நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்" என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றில் எதுவுமே செய்யாமல் விடுவதுதான் சரியான பதிலாக இருக்க வேண்டும். அதில் யாரையாவது நீக்கியே தீருவேன் என்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், நன்றியோடு.

தேர்தல் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி பதில் தளங்களில் வைக்கிறார்கள், பெரிய கூட்டத்தில் அது ஒரு மரியாதையைக் கொடுக்கிறது. நூறு பேர் உள்ள குழுவில் தேர்தல் வைத்தால் தோற்றவரைத் தினமும் நேரில் பார்க்க வேண்டியிருக்கும். நான் வைக்கமாட்டேன்.

ஆள் சேர்ந்தார், ஒரு மாதத்தில் காணோம்

இவரைச் சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் அவருடைய முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். "வாழ்த்துகள்! இனி நீங்களும் அட்மின்" என்று ஒரு பூங்கொத்துப் படம் போட்டீர்கள். எல்லாப் பொத்தான்களும் ஒரே நாளில் வந்தன. அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு புகார் தெரிகிறது, நீக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை, நீக்கினால் மூத்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அரை மணி நேரம் யோசிக்கிறார், அதற்குள் நீங்களே வந்து முடித்துவிட்டீர்கள். இது நாலு முறை நடந்தால் அவர் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். எங்கள் குழுவில் கடைசிவரை பொத்தானை அழுத்தாத அந்த நண்பரைப் பற்றி மேலே சொன்னேனே, பின்னாளில் கேட்டபோது அவர் சொன்னது இதைத்தான்: "தப்பாப் பண்ணிடுவேனோன்னு பயம்."

சரிசெய்ய, முதல் இரண்டு வாரம் அவர் கையில் முடிவைக் கொடுக்காதீர்கள், யோசனையைக் கேளுங்கள். ஒவ்வொரு புகாருக்கும் "நான் இதை நீக்குவேன், ஏனென்றால்..." என்று மாடரேட்டர்களின் தனி அறையில் அவர் எழுதட்டும், பழையவர் ஒருவர் ஆமாம் அல்லது இல்லை என்று காரணத்தோடு சொல்லட்டும். அந்தப் பழையவர் யார் என்பது பெயர் சொல்லி முடிவாகியிருக்க வேண்டும், எல்லோரிடமும் கேட்கலாம் என்றால் அவர் யாரிடமும் கேட்கமாட்டார். மூன்றாம் வாரம் திரும்பப் பெறக்கூடிய வேலைகள்: மறைத்தல், இடம் மாற்றுதல், ஒரு பேச்சைத் தற்காலிகமாகப் பூட்டுதல். ஆளை வெளியேற்றும் உரிமை கடைசியில்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. அவர் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், பெரிய ஆபத்து இல்லாதவரை, பொதுவில் மாற்றாதீர்கள். தனியாகச் சொல்லுங்கள், அவரே மாற்றட்டும். நான் ஒருமுறை எல்லோர் முன்னாலும் மாற்றினேன், அந்த மனிதர் அன்றைக்கு இரவே விலகிவிட்டார், நியாயம் அவர் பக்கம்தான்.

எல்லா வேலையும் ஒருவர் தலையில்

இந்த அறிகுறி உள்ள குழுவில் அந்த ஒருவர் பெரும்பாலும் இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வேகமாக இருப்பவர் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் வருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் தங்களுக்கு இங்கே இடமில்லை என்று நினைக்கிறார்கள், வேகமானவர் யாரும் உதவுவதில்லை என்று புலம்புகிறார், இரண்டு தரப்புமே உண்மையைத்தான் சொல்கிறது. மருந்து கசப்பானது: நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவசரம் இல்லாத புகாரை ஆறு மணி நேரம் தொடுவதில்லை என்று ஒரு வாரம் விரதம் இருந்து பாருங்கள். முதல் மூன்று நாள் கை அரிக்கும். நாலாவது நாள் வேறு யாராவது எடுப்பார்.

எடுப்பவர் "நான் பார்க்கிறேன்" என்று ஒரு குறி போட வேண்டும், ஒரு கண் படம் போதும், இல்லையென்றால் இரண்டு பேர் ஒரே ஆளுக்கு இரண்டு விதமாக எழுதிவிடுவார்கள். கிழமை வாரியாகப் பிரித்துக்கொள்வது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அதன் முழுப் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. இன்று உன் நாள் என்பதைவிட, இன்று உன் நாள் இல்லை, நிம்மதியாகப் போய் உன் தொட்டியைப் பார் என்று சொல்ல முடிகிறதே, அதுதான்.

இரவில் ஆள் இல்லையா? தூக்கத்தைக் கெடுத்து யாரையும் உட்கார வைக்காதீர்கள். வேறு நேர மண்டலத்தில் வசிக்கும் உறுப்பினரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் வேகத்தைக் குறையுங்கள். டெலிகிராமில் ஒருவர் அடுத்த செய்தி போட ஒரு மணி நேரம் வரையும், டிஸ்கார்டில் ஆறு மணி நேரம் வரையும் காத்திருக்க வைக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி என்று ஆனாலே கோபம் பாதி தணிந்துவிடும், விடிந்ததும் பேசிக்கொள்ளலாம்.

ஒரே தவறுக்கு இரண்டு தீர்ப்பு

ஃபைட்டர் மீனைச் சின்னக் கண்ணாடிக் குடுவையில் வைத்து யாராவது ஆசையாகப் படம் போடுவார். கீழே "இது வதை", "உனக்கெல்லாம் எதுக்கு மீன்" என்று ஆரம்பிக்கும். எங்களில் ஒருவர் திட்டியவர்களின் செய்திகளை நீக்கினார். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு படம், இன்னொருவர் படத்தையே நீக்கினார், தவறான வளர்ப்பைப் பரப்பக் கூடாதாம். இரண்டு பேரும் ஒரே விதியைத்தான் காட்டினார்கள்: "நாகரிகமாகவும் பொறுப்பாகவும் நடந்துகொள்ளவும்."

நாகரிகம் என்று எழுதிவைத்தால் ஆளுக்கு ஆள் ஒரு நாகரிகம் இருக்கும். விதியை நடத்தையாக எழுத வேண்டும். நாங்கள் அதை இப்படி மாற்றினோம்: "தொட்டியைப் பற்றிக் குறை சொல்லலாம், தொட்டிக்காரரைப் பற்றி வேண்டாம். குறை சொன்னால் என்ன செய்யலாம் என்பதையும் அதே செய்தியில் சொல்ல வேண்டும்." இதன்படி குடுவைப் படம் இருக்கும், "உனக்கெல்லாம் எதுக்கு மீன்" போகும், "பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள், காரணம் இது" என்பது இருக்கும். விதிகளின் எண்ணிக்கையையும் குறைத்தோம், பதினெட்டு இருந்தது ஏழாக ஆனது, யாரும் எதையும் தேடவில்லை.

மாடரேட்டர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று பார்க்க எளிய வழி: பழைய சம்பவம் பத்து எடுத்து, ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியாமல் எல்லோரையும் தீர்ப்பு எழுதச் சொல்லுங்கள். எந்தச் சம்பவத்தில் பிரிகிறீர்களோ அந்த விதி மங்கலாக இருக்கிறது. அந்த இரண்டு மூன்றை மட்டும் பேசினால் போதும். பேசி முடித்ததை ஒரு வழக்குக் குறிப்பாக எழுதி வையுங்கள், சம்பவம் ஒரு வரி, முடிவு ஒரு வரி, காரணம் ஒரு வரி. புதிதாக வருபவருக்கு விதிப் பட்டியலைவிட இந்தக் குறிப்பேடுதான் பாடப்புத்தகம்.

தண்டனைக்கும் ஒரு படிக்கட்டு வேண்டும். தனிச் செய்தியில் நினைவூட்டல், பதிவில் ஏறும் எச்சரிக்கை, ஒரு நாள் வாய்ப்பூட்டு, ஏழு நாள், கடைசியில் வெளியேற்றம். விளம்பர ரோபோவுக்கும் மிரட்டுகிறவருக்கும் படிக்கட்டு கிடையாது, நேராக வாசல். இந்தப் படிக்கட்டு இணையத்தில் கண்டுபிடித்தது இல்லை. பாசனக் கால்வாய், மேய்ச்சல் நிலம், மீன்பிடிப்பு இவற்றை அரசும் முதலாளியும் இல்லாமல் ஊர்க்காரர்களே நெடுங்காலம் நிர்வகித்த இடங்களை ஆராய்ந்த எலினோர் ஓஸ்ட்ரோம், நீடித்து நின்ற அமைப்புகளில் பொதுவாக இருந்தவற்றை 1990-ல் பட்டியலிட்டார். முதல் தவறுக்குச் சின்னத் தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால் படிப்படியாகப் பெரியது என்பது அதில் ஒன்று. கண்காணிப்பவர் அந்த ஊர்க்காரராகவோ ஊருக்குப் பதில் சொல்பவராகவோ இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது, அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். அவர் எழுதியது தண்ணீர் முறைக்காகச் சண்டை போடும் விவசாயிகளைப் பற்றி, படித்தபோது எனக்கு எங்கள் விற்பனைப் பதிவுப் பகுதிதான் கண்முன் வந்தது.

ஒரு செய்தியை நீக்கினால் பத்து செய்தி முளைக்கிறது

"என் பதிவை ஏன் நீக்கினீர்கள்?" என்று பொதுவில் கேட்பவர்களில் பலருக்கு உண்மையாகவே காரணம் தெரியாது. சொல்லாமல் நீக்கினால் அவர் தன் மனதில் உள்ள காரணத்தைப் போட்டுக்கொள்வார், அது எப்போதும் சதியாகத்தான் இருக்கும். ரெடிட் என்ற விவாதத் தளத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் வந்த ஓர் ஆய்வு, நீக்கியதற்குக் காரணம் சொல்லப்பட்டவர்களின் அடுத்தடுத்த பதிவுகள் நீக்கப்படும் வாய்ப்பு குறைவாக இருந்ததைக் காட்டியது. காரணத்தைச் சொன்னது மனிதரா ரோபோவா என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லையாம். அதனால் ஒவ்வொரு தடவையும் கவிதை எழுத வேண்டாம், விதிக்கு ஒன்றாக ஏழு வார்ப்புச் செய்தி தயாராக வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஒரு வரி மட்டும் அந்த ஆளுக்காக எழுதுங்கள். "மஞ்சள் சிக்லிட் அழகாக இருக்கிறது, விற்பனைப் பகுதியில் போட்டால் அப்படியே இருக்கும்" என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

விதியை முன்கூட்டியே கண்ணில் படும்படி வைப்பதும் அதே அளவு முக்கியம். ரெடிட்டின் அறிவியல் குழுவில் நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் 2,190 உரையாடல்களில் சோதித்துப் பார்த்தார், சிலவற்றின் தலையில் விதிகளை ஒட்டினார், சிலவற்றில் ஒட்டவில்லை. ஒட்டிய இடங்களில் புதியவர்கள் விதியை மீறாமல் எழுதுவது 8 சதவீதப் புள்ளிக்கும் மேல் கூடியது. விதியைப் பார்த்து மிரண்டு ஓடிவிடுவார்கள் என்றுதானே நாம் பயப்படுவோம்? கலந்துகொண்ட புதியவர்களின் எண்ணிக்கை சராசரியாக 70 சதவீதம் கூடியிருந்தது. என்ன நடக்கும், எது நடக்காது என்று தெரிந்த இடத்தில்தான் புது ஆள் வாயைத் திறப்பார்.

மேல்முறையீடு வந்தால் நீக்கியவரே விசாரிக்கக் கூடாது, வேறொருவர் பார்க்க வேண்டும். மூன்று மாடரேட்டர் இருந்தாலே இது நடக்கும்.

மாடரேட்டரே பிரச்சினையாகிவிட்டார்

தான் கலந்துகொண்ட விவாதத்தில் தானே பூட்டுப் போடுவதுதான் முதல் அடையாளம். அதற்கு விதி ஒற்றை வரி: நீங்கள் பேசிய இடத்தில் நீங்கள் தீர்ப்பு சொல்லக் கூடாது, இன்னொருவரைக் கூப்பிடுங்கள். முதல் நாளே இதைச் சொல்லி வைத்தால் பின்னால் சொல்வது எளிது.

அதையும் மீறினால் தனியாக, குரல் அழைப்பில் பேசுங்கள். எழுத்தில் பேசினால் அது படம்பிடித்துப் பரவும், அதோடு எழுத்தில் எல்லோரும் வக்கீலாகிவிடுகிறோம். குற்றச்சாட்டாக ஆரம்பிக்காதீர்கள், தேதியும் சம்பவமும் இரண்டு மூன்று கையில் வைத்துக்கொண்டு "இதில் என்ன நடந்தது" என்று கேளுங்கள். சிலருக்கு வீட்டில் ஏதோ நடந்திருக்கும், குழுவில் எரிந்து விழுந்திருப்பார். சிலருக்கு உண்மையாகவே அதிகாரம் பிடித்திருக்கும். இரண்டாவது வகை என்றால் உரிமையை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் அறிவியுங்கள், வரிசை மாறினால் நூறு பேரை நீக்கிவிட்டுப் போவார், எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் நடந்தது. மூன்று மாதத் தவணை இருந்தால் இந்தக் கசப்பே பெரும்பாலும் வராது, தவணை முடிந்தது, நன்றி, அவ்வளவுதான்.

நல்லவர் ஓய்ந்து போகிறார்

பதில்கள் சுருங்கும். நக்கல் எட்டிப் பார்க்கும். "இவனுங்க திருந்தமாட்டானுங்க" என்று மாடரேட்டர் அறையில் எழுத ஆரம்பிப்பார். இந்தக் கட்டத்தில் நன்றிச் சான்றிதழ் கொடுத்துப் பயனில்லை, விடுப்பு கொடுங்கள். பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டே ஒரு மாதம் உரிமைகளை எடுத்துவிடுங்கள், உரிமை இருந்தால் அவர் எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டார். பொழுதுபோக்கிலேயே கையை வைத்து எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். மீனுக்காக வந்தவர் மீனைப் பற்றி ஒரு வரி எழுதாமல் ஒரு வருடம் மத்தியஸ்தம் பண்ணிக்கொண்டிருந்தால், அவர் குழுவில் உறுப்பினராக இருப்பதே முடிந்துபோயிற்று.

தன்னார்வலர் தாங்கக் கூடாத வேலைகளும் உண்டு. உயிருக்கு மிரட்டல், குழந்தைகள் சம்பந்தப்பட்ட படங்கள், தற்கொலை பற்றிய பேச்சு, இவை வந்தால் தளத்தின் நிர்வாகத்துக்கோ காவல்துறைக்கோ உதவி எண்ணுக்கோ உடனே தள்ளிவிட வேண்டும், யாரிடம் எப்படி என்பது முன்பே எழுதியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இலவச உழைப்பை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கும் பழைய பாடம் ஒன்று உண்டு. 1990-களில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்து அரட்டை அறைகளைக் கவனித்தது, பணி நேரம், பயிற்சி, அறிக்கை எல்லாம் இருந்தது, சம்பளம் மட்டும் இல்லை. 1999-ல் முன்னாள் தன்னார்வலர்கள் வழக்குப் போட்டார்கள், 2010-ல் 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நம் குழுவில் யாரும் லாபம் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தினசரி அறிக்கை, கட்டாய நேரம், வராததற்கு விளக்கம் என்று கேட்க ஆரம்பித்தால் வேலை என்ற வாசனை வந்துவிடும், அந்த வாசனை வந்ததும் ஆள் போய்விடுவார்.

குழு ரொம்பச் சுத்தம், ஆனால் யாரும் பேசுவதில்லை

மாடரேட்டர் அதிகம். இரண்டு பேரைக் குறைத்து, எழுதுவதற்கு முன் ஒப்புதல் என்ற ஏற்பாட்டை எடுத்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள்.

நீங்கள் இரண்டு நாள் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது

இதை அறிகுறி வருவதற்கு முன்பே சோதிக்கலாம். ஒரு வாரம் விடுமுறை என்று மாடரேட்டர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு, குழுவைத் திறக்காதீர்கள். திரும்பி வந்ததும் என்ன உடைந்தது என்று கேளுங்கள். எங்களுக்கு உடைந்தது சண்டையோ விளம்பரமோ இல்லை, புதிய மாடரேட்டரைச் சேர்க்கும் உரிமை என் ஒருவன் கணக்கில்தான் இருந்தது, சேரக் காத்திருந்தவருக்கு யாராலும் கதவைத் திறக்க முடியவில்லை.

வாட்ஸ்அப்பில் எல்லா அட்மின்களும் கிட்டத்தட்ட சமம், ஆனால் குழுவை உருவாக்கியவரை மற்றவர்கள் நீக்க முடியாது, அதனால் உருவாக்கியவர் கணக்கு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் மற்றவரை அட்மின் ஆக்கும் உரிமையைத் தனியாகக் கொடுக்கலாம், இரண்டாவது ஆள் ஒருவருக்காவது கொடுங்கள். உரிமையாளர் பொறுப்பையே மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பு (கூடுதலாக ஒரு கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடு) குறைந்தது ஏழு நாள் முன்பே போட்டிருக்க வேண்டும், அவசரத்தில் உட்கார்ந்தால் நடக்காது. இன்றைக்கே அதைப் போட்டு வையுங்கள், அப்புறம் அந்த இரண்டாவது ஆள் யார் என்று முடிவு பண்ணலாம்.